எமரி டக்ளசும் என் பழைய ஸ்டென்சில் தாளும்

வழக்கம்போல நீளமான பதிவுதான். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மகள் கோயம்புத்தூரில் விஸ்காம் படிக்கிறாள். கல்லூரியில் ஆளுக்கொரு டிசைனரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள்.

"பெரியப்பா, மிமியோகிராஃப்னா என்ன? படத்துல பாத்தா ஏதோ உருளை போட்ட மிஷின் மாதிரி இருக்கு."

"அட, அது நம்ம சைக்ளோஸ்டைல் மிஷின்தாம்மா. அதுல மை ஒட்டி ஒட்டியே என் பாதிச் சட்டை பாழாப் போச்சு" என்றேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாள். நாடாவைத் தள்ளி வைத்துவிட்டு டைப்ரைட்டரில் அடித்தால் எழுத்து விழும் இடத்தில் மெழுகு விலகும். படம் வேண்டுமென்றால் எழுத்தாணி மாதிரி ஒரு ஊசியால் கீற வேண்டும். அதை உருளையில் சுற்றி, மை தடவி, கைப்பிடியைச் சுற்றினால் தாள் தாளாக வந்து விழும். உங்கள் காலாண்டு, அரையாண்டு வினாத்தாள்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

"அப்ப சரி. எங்க ஆளோட பேப்பர் முதல்ல இதுலதான் வந்துருக்கு" என்று சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினாள். தடித்த கறுப்புக் கோடுகளில் ஒரு பெண் முகம். முகத்துக்குப் பின்னால் சூரியக் கதிர் போலக் கோடுகள். வரைந்தவர் பெயர் எமரி டக்ளஸ்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் என்றால் நான் வகுப்பில் லிங்கனைச் சொல்வேன், மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்வேன். "பிளாக் பாந்தர் கட்சி என்றும் ஒன்று இருந்தது" என்று ஒரு வரியில் கடந்துவிடுவேன். அவர்கள் பத்திரிகைக்கு யார் படம் போட்டார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று தொடங்கி இந்த மூன்று மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் உறுதியானதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கடைசியில் என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எமரி டக்ளஸ் 1943 மே 24 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமா. 1951-ல் தாயோடு சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். தனியாகப் பிள்ளை வளர்த்த தாய், வறுமை, தெருச் சகவாசம், சின்னச் சின்னக் குற்றங்கள். விடலைப் பருவத்தில் கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ என்ற ஊரில் இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பள்ளி என்று பெயர். இளைஞர் சிறை என்பதுதான் பொருத்தம். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை அச்சகத்தில்.

எழுத்துரு என்றால் என்ன, பக்கத்தை எப்படி அமைப்பது, சின்னம் எப்படி வரைவது என்பதையெல்லாம் ஒரு பையன் சிறை அச்சகத்தில் கற்றுக்கொண்டான். வெளியே வந்ததும், ஆலோசகர் ஒருவரின் தூண்டுதலால் சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் வணிக ஓவியம் படிக்கச் சேர்ந்தார். விளம்பரம் வரைந்து பிழைப்பதற்கான படிப்பு. அதே நுட்பம் பின்னால் வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது.

அவருக்கு ஆதர்சமாக இருந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சார்லஸ் வைட். சிகாகோவில் பிறந்த கறுப்பின ஓவியர். உழைக்கும் கறுப்பின ஆண்களையும் பெண்களையும் கம்பீரமாக, சிலை மாதிரி வரைந்தவர். கறுப்பர்கள் நடத்திய ஒரு காப்பீட்டு நிறுவனம் இப்படிப்பட்ட ஓவியங்களைக் காலண்டரில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தது. டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது உறவினர் வீட்டுச் சுவரில் பார்த்த காலண்டர்தான் அவருடைய முதல் ஓவியக்கூடம். அருங்காட்சியகத்துக்குப் போகாத வீடுகளிலும் காலண்டர் தொங்கும். ஓவியம் வீட்டுக்கே வந்து சேரும் வழியை அவர் அங்கே பார்த்தார். சிவகாசிக் காலண்டரைப் பார்த்து முருகனை வரைந்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புரியும்.

கல்லூரிக் காலத்தில் கறுப்பினக் கலை இயக்கம் அவரை ஈர்த்தது. அமிரி பராக்கா என்ற கவிஞர், நாடகாசிரியர் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்திருந்த சமயம், அவருடைய நாடகங்களுக்கு டக்ளஸ் மேடைப் பின்னணி வரைந்து கொடுத்தார். 1967-ன் தொடக்கத்தில், கொலையுண்ட மால்கம் எக்ஸின் மனைவி பெட்டி ஷபாஸை அழைத்து ஒரு நிகழ்ச்சி நடத்த ஏற்பாடு நடந்தது. அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஓக்லாந்திலிருந்து இரண்டு பேர் பேச வந்தார்கள். ஒருவர் ஹூயி நியூட்டன், மற்றவர் பாபி சீல். 1966 அக்டோபரில் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கியவர்கள். பேச்சு முடிந்ததும் டக்ளஸ் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். வயது இருபத்து மூன்று.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தச் சிறுத்தைச் சின்னத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வரலாற்று வாத்தியாருக்கு வழியில் பார்ப்பதையெல்லாம் சொல்லாமல் நடக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே!

அது டக்ளஸ் வரைந்ததில்லை, ஓக்லாந்தில் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமான அலபாமாவில் லௌண்ட்ஸ் என்றொரு மாவட்டம். மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். ஆனால் 1965 தொடக்கம் வரை அவர்களில் ஒருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இல்லை. வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு அவர்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுதி என்பதால் அலபாமா வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு சின்னம் வேண்டும். அங்கே ஆண்ட கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். வெள்ளையர் மேலாதிக்கமே சரி என்ற வாசகமும் அதோடு இருந்தது. இவர்கள் தேர்ந்தெடுத்தது கருஞ்சிறுத்தை. மாணவர் இயக்கத்தில் பணியாற்றிய ரூத் ஹோவர்ட், டோரதி செல்னர் என்ற இரண்டு பெண்கள் அட்லாண்டாவில் ஒரு கல்லூரியின் சிறுத்தைச் சின்னத்தைப் பார்த்து அதை வரைந்து கொடுத்தார்கள். சேவலுக்கு எதிரே சிறுத்தை!

1951-52 பொதுத்தேர்தலில் எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்கள் சின்னத்தைப் பார்த்து வாக்களித்த நாடு நம்முடையது. ஒரு படம் எவ்வளவு பாரம் சுமக்கும் என்று நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சிறுத்தை அலபாமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போனது. 1972-ல் அதன் பெயரைப் பார்த்துத்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா டாலே முதலியோர் தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

பத்திரிகைக் கதைக்கு வருகிறேன்.

1967 ஏப்ரல் 1 அன்று வடக்கு ரிச்மண்ட் என்ற ஊரில் டென்சில் டவல் என்ற 22 வயது கறுப்பின இளைஞரைக் காவல் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். நியாயமான கொலை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். குடும்பத்தார் பாந்தர்களைத் தேடி வந்தார்கள். பெரிய பத்திரிகைகள் எழுதாததை நாமே எழுதுவோம் என்று முடிவானது. பாபி சீல் ஒரு டைப்ரைட்டரையும் மார்க்கர் பேனாவையும் வைத்துக்கொண்டு நீளத் தாளில் பக்கங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த டக்ளஸ், "என்னிடம் கல்லூரியில் வாங்கிய சாமான்கள் இருக்கின்றன, எடுத்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போய் எடுத்து வந்தார். போனவர் திரும்பி வந்ததே அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கிறது. ஏப்ரல் 25 தேதியிட்ட முதல் இதழ் நான்கே பக்கம், சைக்ளோஸ்டைல். டவல் ஏன் கொல்லப்பட்டார் என்ற கேள்விதான் அதன் தலைப்பு. அடுத்தடுத்த இதழ்கள் அச்சகத்துக்குப் போயின. தோற்றத்தைக் கவனிக்கும் பொறுப்பு டக்ளஸிடம் வந்தது. கட்சியின் கலாசார அமைச்சர் என்று அவருக்குப் பட்டமும் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார்.

அவர் எப்படி வேலை செய்தார் என்பதுதான் தம்பி மகளுக்கு வேண்டியிருந்தது. எனக்கும் அதுவே சுவையான பகுதி.

கையில் காசு இல்லை. ஆகவே கறுப்பு மையோடு இன்னும் ஒரே ஒரு வண்ணம். ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் பச்சை. மரத்தைச் செதுக்கி அச்சிடும் மரக்கட்டை ஓவியத்தின் முரட்டு அழகு அவருக்குப் பிடித்தது. ஆனால் வாரப் பத்திரிகைக்கு மரம் செதுக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது? பேனாவிலும் மார்க்கரிலும் தடித்த கோடு இழுத்து அதே தோற்றத்தைக் கொண்டுவந்தார். மட்டமான அச்சில் மெல்லிய கோடு உடைந்துபோகும், தடித்த கோடு தாங்கும் என்பதும் ஒரு வசதி. தேய்த்தால் ஒட்டும் எழுத்துத் தாள்கள், புள்ளியும் கோடுமாக அச்சிட்டு வரும் ஒட்டுத்தாள்கள், பத்திரிகையிலிருந்து கத்தரித்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினார். வசதிக்குறைவே அவருக்கு ஒரு பாணியாகிவிட்டது.

பின் அட்டை முழுவதும் பெரும்பாலும் ஒரே படம். பத்திரிகை விலை 25 சென்ட். வாங்கியவர் படித்துவிட்டுப் பின் அட்டையைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். தனிச் சுவரொட்டியாகவும் அச்சிட்டுப் பசை தடவி, முடிதிருத்தும் கடை, சந்துச் சுவர், வேலி என்று ஒட்டினார்கள். சேரிதான் என் கண்காட்சிக்கூடம் என்ற கருத்தில் டக்ளஸ் 1968-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நம் மக்களில் பலர் நீண்ட கட்டுரை படிப்பவர்கள் இல்லை, பார்த்தும் செய்தும் கற்றுக்கொள்பவர்கள் என்பது நியூட்டனின் எண்ணம். ஒரு படமும் ஒரு தலைப்பும் பார்த்தாலே அந்த வாரச் சேதி விளங்க வேண்டும். உச்சத்தில் வாரம் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பத்திரிகை அது.

யாரை வரைந்தார்? இதுதான் முக்கியம். தலைவர்களையும் வரைந்தார். ஆனால் மிகுதியாக வரைந்தது சாதாரண ஆட்களை. வாடகை வீட்டில் எலியோடு மல்லுக்கட்டும் தாய், தலையில் சுருள் மாட்டிய கிழவி, கிழிந்த கோட்டுப் போட்ட பையன். அவர்கள் முகத்தில் அழுகை இல்லை. சார்லஸ் வைட்டின் காலண்டர் மனிதர்கள்போல நிமிர்ந்து நிற்பார்கள். தன் தெருவில் ஒட்டிய படத்தில் தன் அத்தையையோ பெரியம்மாவையோ ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார். சினிமாவிலும் விளம்பரத்திலும் தங்கள் முகத்தையே பார்க்காத மக்களுக்கு அது பெரிய சங்கதி.

இன்னொரு ஆதர்சம் கியூபா. 1966 ஜனவரியில் ஹவானாவில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க விடுதலை இயக்கங்களின் மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்த ஆஸ்பால் என்ற அமைப்பு தன் இதழுக்குள் சுவரொட்டிகளை மடித்து வைத்து உலகம் முழுவதும் அனுப்பியது. பளிச்சென்ற வண்ணம், குறைந்த சொற்கள், நான்கு மொழிகளில் தலைப்பு. டக்ளஸ் அவற்றைப் பார்த்துக் கற்றார். கொடுக்கல் வாங்கல் ஒருவழியாக நிற்கவில்லை. 1968-ல் லாசரோ அப்ரூ என்ற கியூபக் கலைஞர் டக்ளஸின் படங்களை எடுத்தாண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஆதரவாக ஒரு சுவரொட்டி செய்தார். இரண்டு நாட்டு அரசுகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத காலத்தில் படங்கள் பேசிக்கொண்டிருந்தன. வியட்நாம் போர் எதிர்ப்புச் சுவரொட்டிகளும் அவர் மேசையில் இருந்தன.

இதுவரை படித்துவிட்டு, "சார் ஒரு புரட்சி வீரர் கதை சொல்கிறார்" என்று நினைக்க வேண்டாம். எனக்கு உறுத்திய பகுதியையும் சொல்கிறேன்.

தொந்தரவு கொடுத்த ஒரு போலீஸ்காரரின் பேட்ஜ் எண்ணைப் போட்டு ஒரு பன்றி வரையச் சொன்னார்கள் நியூட்டனும் சீலும். டக்ளஸ் அந்தப் பன்றியை இரண்டு காலில் நிற்கவைத்து, சீருடை மாட்டி, நட்சத்திரம் குத்தி, ஈ மொய்க்க வரைந்தார். நாடு முழுவதும் பரவிய கேலி அது. அதிகாரத்தைக் கண்டு நடுங்கியவர்களைச் சிரிக்கவைத்தது, சரிதான். ஆனால் துப்பாக்கி ஏந்திய தாய்மார், குண்டு துளைத்துக் கிடக்கும் பன்றிகள் என்றும் அவர் வரைந்தார். 1967 அக்டோபரில் ஓக்லாந்தில் ஜான் ஃப்ரே என்ற போலீஸ்காரர் நிஜமாகவே சுடப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் நியூட்டனுக்குத் தண்டனை கிடைத்தது. 1970-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. நியூட்டனை விடுதலை செய் என்ற சுவரொட்டிகள் ஊரெங்கும் இருந்தன. இறந்த போலீஸ்காரரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. மனிதனைப் பன்றியாக வரைந்தால் அவனைக் கொல்வது சுலபமாகிவிடும். இதை எந்தக் கட்சியின் படத்துக்கும் நான் சொல்வேன்.

எதிர்ப்பக்கம் நடந்ததையும் வைத்தால்தான் தராசு நிற்கும். 1968 ஏப்ரல் 6 அன்று பாபி ஹட்டன் என்ற 17 வயதுப் பையன், கட்சியில் முதலில் சேர்ந்த உறுப்பினன், போலீஸ் குண்டுக்குப் பலியானான். 1969 டிசம்பர் 4 விடியலில், சிகாகோவில் 21 வயது ஃப்ரெட் ஹாம்ப்டனைப் படுக்கையில் வைத்தே போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். தன் தோழர்களை வாராவாரம் புதைத்துவிட்டு வந்து படம் வரைந்தவனின் கோடு தடித்துத்தான் இருக்கும்.

1969-க்குப் பிறகு அவர் படங்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. அந்த ஜனவரியில் ஓக்லாந்தின் புனித அகஸ்டின் தேவாலயத்தில் பாந்தர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். அது பல நகரங்களுக்குப் பரவியது. பிறகு இலவச மருத்துவம், மளிகைப் பை. 1972 மார்ச்சில் ஓக்லாந்தில் மூன்று நாள் மாநாடு நடத்திப் பத்தாயிரம் மளிகைப் பைகள் கொடுத்தார்கள். டக்ளஸ் படங்களில் துப்பாக்கி குறைந்து மளிகைப் பையும் காலணியும் வாக்குச்சீட்டும் வந்தன. 1971-ல் வரைந்த ஒரு படம் என்னை மிகவும் கவர்ந்தது. வாய்கொள்ளாமல் சிரிக்கும் ஒரு சிறுவன். பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறான். கண்ணாடிச் சில்லு இரண்டிலும் காலை உணவுத் திட்டத்துப் பிள்ளைகளின் புகைப்படம். பின்னால் சூரியக் கதிர்கள். அவன் பார்ப்பது என்ன என்று நாம் அவன் கண்ணிலேயே பார்க்கிறோம். வெறும் வயிற்றோடு வந்து காலை இறைவணக்கத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வாத்தியார் நான். அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, படம் அரசியலை மாற்றுமா?

அமெரிக்க உளவு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. அதன் தலைவர் எட்கர் ஹூவர் 1969 மே மாதம் எழுதிய குறிப்பில், பாந்தர்களை முடக்கும் வேலைக்குப் பெரிய இடைஞ்சல் அந்தக் காலை உணவுத் திட்டம்தான் என்று சொன்னார். பத்திரிகையை எப்படி நிறுத்துவது என்றும் திட்டம் போட்டார்கள். அச்சிட்ட இடத்தில் சகிக்க முடியாத நாற்றம் வீசும் ரசாயனத்தைத் தெளிக்கலாம் என்றுகூட ஒரு யோசனை கோப்பில் இருக்கிறது. இன்னொரு காரியம் சிரிப்பதற்கில்லை. சான் டியேகோவில் பாந்தர்களுக்கும் இன்னொரு கறுப்பின அமைப்புக்கும் பகை இருந்தது. பாந்தர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்களை எஃப்.பி.ஐ.யே வரைந்து, மற்ற அமைப்பு வரைந்ததுபோல அனுப்பிவைத்தது. பகை முற்றி உயிர்கள் போயின. செனட்டர் ஃப்ராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு 1976-ல் வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஓவியத்தின் சக்தியில் டக்ளஸுக்கு இருந்த அதே நம்பிக்கை அரசாங்கத்துக்கும் இருந்திருக்கிறது!

மறுபக்கம் பாருங்கள். 1973-ல் பாபி சீல் ஓக்லாந்து மேயர் தேர்தலில் நின்று இரண்டாம் சுற்று வரை வந்து தோற்றார். டக்ளஸின் சுவரொட்டிகள் அவரை வெற்றிபெற வைக்கவில்லை. கட்சி உள்சண்டையில் உடைந்தது. 1982-ல் முடிந்தேபோனது. நியூட்டன் 1989-ல் ஓக்லாந்துத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னொரு செய்தி: அமெரிக்க அரசு 1966-ல் சோதனையாகத் தொடங்கியிருந்த பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை 1975-ல் நிரந்தரமாக்கியது. பாந்தர்களால்தான் என்று நான் எழுதினால் அது வரலாறாகாது. அவர்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று எழுதினாலும் ஆகாது. பசித்த பிள்ளையின் முகத்தைப் பத்து வருஷம் சுவரில் ஒட்டிக்கொண்டே இருந்தால், பார்க்காததுபோல நடப்பது கஷ்டமாகிவிடும். படத்தால் முடிவது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அது கொஞ்சமில்லை.

டக்ளஸ் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பினத்தவரின் சன் ரிப்போர்ட்டர் பத்திரிகையில் நீண்ட காலம் வேலை பார்த்தார். கட்சிக்காகச் செய்த வேலைகள் 2007-ல் புத்தகமாக வந்தன. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ், 2009-ல் நியூயார்க் அருங்காட்சியகங்களில் கண்காட்சி வைத்தார்கள். 2015-ல் அமெரிக்க வரைகலைஞர் சங்கத்தின் பதக்கம் கிடைத்தது. மெக்சிகோவின் சியாபாஸ் மலைக்குப் போய் அங்குள்ள பழங்குடிப் போராளிகளோடு சேர்ந்து வேலை செய்தார். அவருடைய படங்களை அங்குள்ள பெண்கள் துணியில் பூவேலையாகத் தைத்தார்கள். சந்துச் சுவரிலிருந்து கிழிந்து விழுந்த தாள்களின் பிரதியை இன்று கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

இனி என் கதை.

எண்பதுகளின் இறுதி. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம். படம் பிரமாதமாக வரைவான். அறிவியல் வினாத்தாளில் இதயமோ பூவின் பாகமோ வந்தால் ஸ்டென்சிலில் கீறித்தர அவனைத்தான் கூப்பிடுவேன். (தேர்வுக்கு முன்பே அவனுக்கு ஒரு கேள்வி தெரிந்துவிடும் என்பதை நாங்கள் இருவருமே கண்டுகொள்வதில்லை.)

ஒரு கோடையில் பள்ளிக் குழாய் பழுதாகிவிட்டது. பிள்ளைகள் தண்ணீருக்கு அரை மைல் நடந்து ஊர்க்கிணற்றுக்குப் போனார்கள். கிணற்றடியில் சிலரை இறைக்க விடமாட்டார்கள். யாராவது ஊற்றினால்தான் உண்டு. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். அவனும் அந்தச் சிலரில் ஒருவன்.

ஒரு திங்கட்கிழமை காலை, எல்லா வகுப்பு மேசையிலும் ஒரு சைக்ளோஸ்டைல் தாள் கிடந்தது. வீணான ஸ்டென்சிலில் கீறி, ஞாயிற்றுக்கிழமை மிஷினைச் சுற்றியிருக்கிறான். ஒரு பக்கம் வாத்தியார் அறை, மூடிபோட்ட மண்பானை, மேலே கவிழ்த்த டம்ளர். மறுபக்கம் குனிந்து இரண்டு கையையும் ஏந்தி நிற்கும் ஒரு சிறுவன். ஊற்றும் ஆள் படத்தில் இல்லை. மேலிருந்து விழும் தண்ணீர்க் கோடு மட்டும். எழுத்து ஒன்றுகூட இல்லை.

யார் செய்த வேலை என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் கோபமாக இருந்தார். மிஷின் சாவி என் பொறுப்பு. என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். தாள்களையெல்லாம் பொறுக்கச் சொல்லி, காலை வணக்கத்தில் எல்லார் முன்னிலையிலும் அவனை நிறுத்தி, அவன் கையாலேயே கிழிக்க வைத்தேன். அரசாங்கக் காகிதத்தை வீணடித்தாய் என்று இரண்டு அடியும் கொடுத்தேன். அவன் அழவில்லை. கிழித்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வரிசையில் போய் நின்றான். அதற்குப் பிறகு எனக்கு ஒரு இதயமும் வரைந்து தரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் போனவனை நான் பார்க்கவே இல்லை.

குழாய் இரண்டு மாதத்தில் சரியானது. அந்தப் படத்தாலா, பஞ்சாயத்தில் யாரோ விரட்டியதாலா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரமே எங்கள் அறைப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானை வந்தது, பிள்ளைகளுக்கென்று. தலைமையாசிரியர்தான் சொந்தக் காசில் வாங்கி வைத்தார். கோபப்பட்ட அதே மனிதர். அவரை அந்தப் படம் ஏதோ செய்திருக்கிறது. என்னைச் செய்ய முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு பையனுக்குச் சிறைக்குள்ளேகூட, "உனக்கு வரைய வருகிறது, போய்ப் படி" என்று சொல்ல ஒருவர் இருந்தார். என் பள்ளியில் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். நான் பிரம்போடு இருந்தேன்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. "படம் போட்டு என்னத்தைக் கிழிக்கப் போறா, பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்கண்ணே" என்று பொங்கலன்று என்னிடம் சொன்னாய். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை இந்தப் பதிவின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாப்பா படிக்கட்டும். சோப்பு டப்பாவுக்கும் வரையட்டும், பிழைப்பு வேண்டுமே. வேறொன்றை வரையும் நாளும் வந்தால் அவள் கையைப் பிடித்துக் கிழிக்க வைக்காதே. அதை ஒரு தடவை செய்தவன் சொல்கிறேன்.

அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னூட்டத்தில் அவர் பெயரைப் போடாதீர்கள். அவரோடு தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை மட்டும் அனுப்பி வையுங்கள். அந்தத் தாளில் ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்க் கோடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்.